கிண்டிலில் தமிழ் படிக்க எழுத்தமைப்பைச் சரிசெய்வது எப்படி: செட்டிநாட்டு வீட்டுப் பெரியவர்களை முன்னிட்டு

வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்கும் ஆச்சிக்கோ ஐயாவுக்கோ கிண்டில், கோபோ போன்ற மின்னூல் படிக்கும் கருவிகளை வாங்கித் தருவதுண்டு. கொடுத்த கையோடு எழுத்தின் அளவை மட்டும் பெரிதாக்கிவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டால், கருவி விரைவிலேயே அலமாரிக்குள் போய்விடும். தமிழைப் பொறுத்தவரை, அளவு என்பது கடைசியாகத் தொடவேண்டிய அமைப்பு.

படிக்கும் இடத்தை முதலில் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றி வெளிச்சம் கொட்டும். அதை ஒட்டிய அறைகளிலோ பகலிலும் இருட்டாக இருக்கும். இக்கருவிகளின் மின்மைத் திரை (இ-இங்க்) தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பியே எழுத்தைக் காட்டுவதால், முற்றத்தின் ஓரத்தில் அமர்ந்து படிப்பவர் திரைக்கு ஒளியூட்டும் முன்விளக்கை முழுவதுமாக அணைத்துவிடலாம். அறைக்குள் படிக்கும்போது, திரை அருகிலுள்ள சுவரைவிடப் பளிச்சென்று தெரியாத அளவுக்கு விளக்கை வைத்தால் போதும். கிண்டில் பேப்பர்வைட்டில் 2021-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஒளியின் நிறத்தை மஞ்சளாக்கும் வசதி உண்டு. இரவில் படிப்பவர்களுக்கு அது இதமாக இருக்கும்.

இனி எழுத்துக்கு வருவோம். நூலைத் திறந்து திரையின் மேற்பகுதியைத் தொட்டால், பெரிய ‘ஏ’யும் சிறிய ‘ஏ’யும் சேர்ந்த ஆங்கிலக் குறி தெரியும், அதற்குள்தான் எல்லா அமைப்புகளும் இருக்கின்றன. அவற்றில் முதலில் தடிமனை ஒன்றிரண்டு படி கூட்டிப் பாருங்கள். ‘எடு’ என்பதற்கும் ‘ஏடு’ என்பதற்கும் இடையே ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. ‘கண’ என்பதைக் ‘கண்’ ஆக்குவது ஒரு புள்ளிதான். மெல்லிய எழுத்துருவில் இந்தக் கோடும் புள்ளியும் மங்கிப்போவதால், வயதான கண்கள் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துப் படிக்க நேர்கிறது. பெரியவர்கள் “எழுத்து சின்னதா இருக்கு” என்று சொல்வது பல வேளைகளில் எழுத்து மெலிந்திருப்பதைத்தான்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழில் ‘கி’, ‘ரீ’ போன்றவற்றின் விசிறியும் சுழியும் மேலே எழும். ‘கு’, ‘மூ’ போன்றவை கீழே இறங்கும். புள்ளிகள் தலைமேல் நிற்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான நெருக்கமான இடைவெளியில், மேல்வரியின் கால்களும் கீழ்வரியின் புள்ளிகளும் ஒன்றோடொன்று உரசும். ஆகவே கருவி தரும் இடைவெளிகளில் அகலமானதைத் தேர்ந்தெடுங்கள். பக்க எண்ணிக்கை கூடுமே என்று தயங்கவேண்டியதில்லை.

இருபுறமும் சீராக நிரவும் அமைப்பு அச்சு நூலில் அழகாக இருந்தாலும், ஆறு அங்குலத் திரைக்குப் பொருந்துவதில்லை. ‘சொல்லிக்கொண்டிருந்தார்களாம்’ போன்ற ஒரு நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தாவியதும், எஞ்சிய இரண்டு மூன்று சொற்களை வரி முழுவதற்கும் இழுத்து நிரப்ப, நடுவே பொத்தல் விழுந்த பல்வரிசையைப் போலப் பக்கம் காட்சியளிக்கும். இடப்புறம் மட்டும் சீராக நிற்கும் அமைப்பை வைத்து, ஓர இடைவெளியைக் குறைத்து, அதன் பிறகே எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். ஒரு வரியில் நான்கு சொற்களாவது அமையவேண்டும் என்பது என் கணக்கு. அதற்கும் குறைந்தால், வரிக்கு வரி கண் தாவுவதே ஒரு வேலையாகிவிடும்.

செய்யுளுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. ஆண்டுதோறும் கம்பன் விழா எடுக்கும் காரைக்குடியில் இதைச் சொல்லாமல் விடமுடியாது: நாலடிப் பாடலின் ஒவ்வோர் அடியும் பெரிய எழுத்தில் இரண்டாக உடைந்து எட்டு வரியானால், ஓசை கெட்டுவிடும். பாடல் படிக்கும்போது கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்வது நல்லது. கிண்டிலில் இத்தகைய அமைப்புகளைத் தனித்தனிப் பெயரிட்டுச் சேமிக்கலாம்; உரைநடைக்கு ஒன்று, பாடலுக்கு ஒன்று என வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டியதில்லை.

கணினியுடன் இணைத்து, எழுத்துருக்களுக்கான கோப்புறையில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்களைச் சேர்க்கவும் முடியும். சேர்த்தபின் ‘கொ’, ‘கோ’, ‘ஸ்ரீ’ ஆகியவை வரும் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியோ, புள்ளிவட்டத்துடனோ தெரிந்தால், அந்த எழுத்துருவை விட்டுவிட்டு, கருவியோடு வந்ததற்கே திரும்பிவிடலாம்.

பிடிஎஃப் கோப்புகளில் மேற்சொன்னவை பெரும்பாலும் செல்லாது. பக்கம் படம்போல உறைந்திருக்கும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஏ4 அளவோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப்பும், எழுத்தின் அளவுக்கேற்ப வரிகள் மாறி அமையும் இபப் கோப்பும் தருகிறது. எழுத்தை மாற்றவேண்டுமென்றால் இபப்பையே இறக்குங்கள். பழைய அச்சு நூல்களின் ஒளிவருடல்களுக்கு (ஸ்கேன்) கிடைமட்டத் திருப்பமும், பிடிஎஃப்புக்கான கருப்பு-வெள்ளை மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டுவதும்தான் வழி. பழுத்த தாளின் சாம்பல் படலம் அதனால் ஓரளவு விலகும். அப்போதும் சிரமமாக இருந்தால், அந்த நூலை மட்டும் பத்து அங்குலப் பலகைக் கணினியில் படிப்பதே நல்லது.