நேரோபோட்டுக்கு மூரிங் தேடுகிறீர்களா? வெள்ளி மாலையிலிருந்து கணக்குப் போடுங்கள்

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓட்ட நேரோபோட் (ஒடுக்கமான நீளப் படகு) வாங்குகிறவர்கள், மூரிங் (படகை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் இடம்) தேடும்போது முதலில் மெரினாவின் (படகுத்துறையின்) அழகைப் பார்க்கிறார்கள், அப்புறம் வாடகையைப் பார்க்கிறார்கள். வார இறுதியில் மட்டும் ஓட்டப்போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்த இடத்திலிருந்து கிளம்பினால் இரண்டே நாளில் எத்தனை விதமாகப் போய்த் திரும்ப முடியும்? போக ஒரே திசைதான், அதிலும் முதல் மைலிலேயே லாக் (படகை வேறு நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) வரிசை என்றால், நான்கைந்து வாரத்தில் படகு ஜெட்டியை விட்டு நகர்வது நின்றுவிடும்.

கணக்கு எளிது. மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வரும். 9 மைலும் 6 லாக்கும் என்றால் 5 மணி. வேக வரம்பு மணிக்கு 4 மைல் என்றாலும், ஆழம் குறைந்த கால்வாயில் 3 மைல் போனாலே பெரிது. கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்ஜினை ஐடிலுக்குக் குறைக்க வேண்டும். அப்படி ஒரு மைல் நீளத்துக்குப் படகுகள் வரிசையாக நின்றால் பத்து நிமிடம் கூடுதலாகப் போகும். வரைபடத்தில் இது தெரியாது, நேரில் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குக் கட்டினால், சாப்பாடு போக 7 மணி நேரம் ஓடலாம். ஞாயிறு இரண்டு மணிக்குள் திரும்பினால்தான் படகைத் துடைத்து, பூட்டி, இருட்டுவதற்குள் வீடு சேர முடியும். அது 5 மணி நேரம். ஆக மொத்தம் 12. போக ஆறு, வர ஆறு. அதாவது மைலும் லாக்கும் சேர்ந்து 18. பார்க்கும் ஒவ்வொரு மெரினாவிலிருந்தும் எல்லாத் திசையிலும் 18 வரை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கெனால்பிளான் இணையதளம் இந்த வேலையை நிமிடத்தில் முடித்துத் தரும்.

குறித்த எல்லைக்குள் விண்டிங் ஹோல் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பலர் மறக்கிறார்கள். நீளப் படகைத் திருப்புவதற்காகக் கரையை அகலமாக வெட்டிவிட்ட இடம் அது. (வைண்டிங் என்று சொன்னால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள், காற்றைக் குறிக்கும் விண்டைப் போலத்தான் உச்சரிப்பு.) எல்லா இடமும் எல்லாப் படகையும் திருப்பாது. 57 அடிப் படகுக்கு 45 அடிதான் இடம் என்றால் முன்மூக்கு சேற்றில் செருகிக்கொள்ளும். அடுத்த விண்டிங் ஹோல் இரண்டு மைல் தள்ளி என்றால், போக வர நான்கு மைல், குறைந்தது 80 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு எங்கே போவது?

வடக்கு ஆக்ஸ்போர்டு கால்வாய் வார இறுதிக்காரர்களுக்கு வசதியானது. ஹில்மார்ட்டன் லாக்குகளுக்கு மேற்கே ஹாக்ஸ்பரி வரை சுமார் 15 மைல் ஒரு லாக்கும் கிடையாது. ஹாக்ஸ்பரியில் இருக்கும் ஸ்டாப் லாக் (ஒரு கால்வாயின் தண்ணீர் மற்றதற்குப் போகாமல் தடுப்பது) நீர்மட்டத்தைச் சில அங்குலம்தான் மாற்றும். அதைத் தாண்டினால் கவென்ட்ரி கால்வாயில் ஆதர்ஸ்டோன் வரை சுமார் 11 மைல் சமமட்டம். வழியில் மார்ஸ்டன் ஜங்ஷனில் பிரியும் ஆஷ்பி கால்வாய் 22 மைலும் லாக் இல்லாமலே போகிறது. தனி ஆளாக ஓட்டுகிறவருக்கும் சிறு குழந்தைகளோடு வருகிறவருக்கும் இந்த வட்டாரம் சரி. லாக்கில் வேலை செய்வதையே விரும்புகிறவருக்கு ஒரு மாதத்தில் சலிக்கும். அவர் பிரான்ஸ்டன், ஃபிராட்லி, கிரேட் ஹேவுட் போன்ற சந்திப்புகளுக்குப் பக்கத்தில் தேடட்டும். மூன்று கிளை என்றால் மூன்று வகை வார இறுதி.

லங்காஸ்டர் கால்வாயிலும் பிரெஸ்டனிலிருந்து டீவிட்ஃபீல்ட் வரை 41 மைல் லாக் இல்லை. ஆனால் மற்ற கால்வாய்களோடு அதைச் சேர்ப்பது 2002இல் திறந்த ரிபிள் லிங்க் என்ற இணைப்பு வழி மட்டும்தான், அதற்கும் முன்பதிவு வேண்டும். கோடை விடுமுறையில் வேறு பக்கம் போகும் எண்ணம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் வொர்ஸ்டர் - பர்மிங்ஹாம் கால்வாயின் டார்ட்பிக். 30 லாக்குகள், இரண்டேகால் மைலுக்குள். அடுத்தடுத்து நிற்கும் லாக்குகளில் மேலே சொன்ன கணக்கைவிட வேகமாக ஏறலாம் என்றாலும், பழகிய ஆட்கள் இருந்தும் அரை நாள் போய்விடும், திரும்ப இன்னொரு அரை நாள். அதன் அடிவாரத்தில் மூரிங் எடுத்தால் ஒரு திசை வார இறுதிக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபாக்ஸ்டன் படிக்கட்டு லாக்குகளிலும் ஹேர்காசில் சுரங்கத்திலும் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் விடுவார்கள், குறித்த நேரத்துக்குப் பிறகு விடவே மாட்டார்கள். ஞாயிறு மதியம் அங்கே வரிசையில் மாட்டினால் திங்கட்கிழமைக்கு லீவு சொல்ல வேண்டியதுதான்.

ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் போக முடிகிறதா என்பதும் முக்கியம். கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் பெரிய பழுதுபார்ப்புகளை நவம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை வைத்துக்கொள்ளும். எந்த லாக் எப்போது மூடும் என்ற பட்டியல் முன்கூட்டியே வரும். கோடையில் நீர்த்தேக்கம் வற்றினால் முன்னறிவிப்புக்கு நேரம் இருக்காது. 2022லும் 2025லும் லீட்ஸ் - லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதி இப்படி மூடப்பட்டது. 2025 ஜனவரி முதல் தேதி பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரை உடைந்து செஷயர் ரிங் என்ற வட்டப் பாதையே துண்டானது. சமமட்டத்தின் நடுவிலோ சந்திப்பின் அருகிலோ இருப்பவருக்கு இந்த மாதிரி நேரத்தில் வேறு வழி மிஞ்சும்.

ஆற்றோரம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் சோர், ட்ரென்ட் போன்ற ஆறுகளில் மழைக்குப் பின் நீரோட்டம் ஏறினால் சிவப்பு எச்சரிக்கை வரும், படகை எடுக்க முடியாது. வெள்ளத் தடுப்பு லாக்குக்குப் பின்னால் கட்டியிருந்தால் படகு பத்திரம், நீங்களும் உள்ளேயே பத்திரம். ஆற்றில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், உயரமான தூண்களில் ஏறி இறங்கும் மிதவை ஜெட்டியாகப் பாருங்கள். நிலையான கரையில் கட்டிவிட்டு ஐந்து நாள் ஊருக்குப் போகாதீர்கள்.

கரையோர மூரிங்கா மெரினாவா? கரையோரம் பொதுவாக மலிவு, ஆனால் பெரும்பாலும் மின்சாரம் இருக்காது. கடந்து போகும் ஒவ்வொரு படகும் தண்ணீரை இழுப்பதால் உங்கள் படகு முன்னும் பின்னும் ஆடும். கயிறு தளர்வாக இருந்தால் வெட்டி இழுத்து, கரையில் அடித்த முளையைப் பிடுங்கும். முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் 45 டிகிரி வெளிநோக்கிக் கட்டுங்கள், முன்பின் ஆட்டத்தைத் தடுக்க எதிர்த்திசையில் ஸ்பிரிங் கயிறு ஒன்று போடுங்கள். கரையில் இரும்புத் தகடு அடித்திருந்தால் முளைக்குப் பதில் பைலிங் ஹூக் (தகட்டில் மாட்டும் கொக்கி). கூரையிலிருந்து வரும் நடுக்கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போகவே கூடாது. அது படகை மேலிருந்து இழுத்துச் சாய்க்கும்.

மெரினாவில் மின்கம்பம் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 16 என்றால் 230 வோல்ட்டில் 3.7 கிலோவாட், கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகும். கரை மின்சாரத்தின் எர்த் எல்லா இரும்புப் படகுகளையும் ஒன்றாக இணைத்துவிடுவதால், பக்கத்துப் படகின் அனோடுக்குப் (அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டி) பதிலாக உங்கள் அடித்தகடு அரியக்கூடும். இதைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவி இல்லாமல் வாரக்கணக்கில் செருகி வைக்காதீர்கள்.

வார இறுதிக்காரருக்கென்றே ஒரு கேள்வி உண்டு. பம்ப்-அவுட் (கழிவறைத் தொட்டியை உறிஞ்சிக் காலி செய்வது), டீசல், கேஸ் எல்லாம் எந்த நாளில், எத்தனை மணி வரை? திங்கள் முதல் வெள்ளி மாலை ஐந்து வரை என்றால் உங்களுக்கு அவை இல்லாத மாதிரிதான். ஒப்பந்தத்தில் படகின் நீளத்துக்குப் பணமா, ஜெட்டியின் நீளத்துக்கா என்று பாருங்கள். வெளி மெக்கானிக்கை அழைக்கலாமா, கிரைண்டர் ஓட்டலாமா, படகை விற்றால் அவர்கள் தரகில்தான் விற்க வேண்டுமா என்பதையும் வாசியுங்கள்.

மூரிங்கே எடுக்காமல் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தர மூரிங் இல்லாதவர் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் தொடர்ந்து பயணம் செய்ய வேண்டும். 2024 ஏப்ரல் முதல் அவர்களின் லைசென்ஸுக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு இது ஒத்துவராது. ஆனால் மூரிங் உள்ளவரும் வெளியே 14 நாள் வரை கட்டலாம் என்பது கைகொடுக்கும்: ஒரு வாரம் போன இடத்திலேயே படகை விட்டுவிட்டு, ரயிலில் காருக்குத் திரும்பி, அடுத்த வாரம் அங்கிருந்து தொடரலாம். கரையிலுள்ள அறிவிப்புப் பலகையைப் படியுங்கள், கூட்டமான இடங்களில் 48 மணி நேரம்தான்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து நேரே அங்கே காரோட்டிப் பாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பார்த்த 50 நிமிடம் வெள்ளி மாலையில் இரண்டு மணி நேரமாகும். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஜெட்டி வரை இருட்டில் நடங்கள்: விளக்கு, சேறு, கேட் பூட்டு. கரையின் தகட்டில் ஈரக்கறைக் கோடு தண்ணீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள். மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதற்கு அதுவே சாட்சி. கரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கம்பை இறக்குங்கள். முக்கால் மீட்டருக்கு முன்பே சேறு தட்டினால் பக்கத்து இடத்தைக் கேளுங்கள்.