காட்டில் மர நோயைக் கணக்கெடுப்பது எப்படி: நல்ல மரத்திலிருந்து தொடங்குங்கள்

ஒரு பாதுகாப்பகத்தில் மரங்கள் காய்கின்றன என்று தகவல் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். செத்த மரம் எங்கே நிற்கிறதோ அங்கே நேராகப் போய், நாலு படம் எடுத்து, பட்டையில் ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு திரும்புவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு பருவம் முழுக்க அலைந்த பிறகு என் கையில் இருந்தது எண்பது சொச்சம் காய்ந்த மரங்களின் பட்டியல். அதைப் பார்த்த ஒருவர், "சரி, மொத்தம் எத்தனை மரத்தில் எண்பது?" என்று கேட்டார். பதில் இல்லை. நூறில் எண்பதா, பத்தாயிரத்தில் எண்பதா என்று தெரியாமல் அந்தப் பட்டியலை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது நல்ல மரத்தைப் பார்ப்பது. நோய் வராத மரம், வந்தும் தாங்கி நிற்கிற மரம், அந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாதது போல் பக்கத்தில் நிற்கும் வேறு இன மரம், எல்லாமே கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்று, நோய்க்குப் பெயர் தெரியட்டும், அப்புறம் எண்ணலாம் என்று காத்திருக்காதீர்கள். ஐரோப்பாவில் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருவதை போலந்தில் 1992 வாக்கிலேயே கவனித்துவிட்டார்கள். காரணமான பூஞ்சையை அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டது 2006-இல். நடுவில் பதினான்கு வருடம். அந்த வருடங்களில் யார் மரத்துக்கு மரம் எண் போட்டு எழுதி வைத்தார்களோ, அவர்களுடைய நோட்டுக்குத்தான் பிறகு மதிப்பு.

காலடி வைப்பதற்கு முன்

பாதுகாப்பக நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சும்மா "ஆய்வு செய்யலாமா" என்று கேட்காமல், ஆணி அடிக்கப் போகிறேன், பட்டையைச் சீவப் போகிறேன், மண் எடுக்கப் போகிறேன், அதை வெளியே ஆய்வகத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சில நோய்க்கிருமிகள் தடைப்பட்டியலில் இருக்கும், அவை இருக்கலாம் என்று சந்தேகப்பட்டாலே முதலில் தாவர நலத்துறைக்குச் சொல்ல வேண்டும், மாதிரியை நீங்களாக இடம் மாற்றக் கூடாது. அவர்கள் உறுதி செய்யும் முன் இடத்தோடு படம் போட்டுப் பரபரப்பாக்குவதும் வேண்டாம்.

அடுத்தது உங்கள் காலணி. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் நோயை ஆராயப் போகிறவரே அதைச் சுமந்துபோய் இறக்குவதைவிடக் கேவலம் வேறில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரக்காடுகளை அழித்த பைட்டோப்தோரா என்ற, மண்வழியாக வேரைத் தாக்கும் கிருமி, சாலை போடக் கொண்டுவந்த சரளையிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிய மண்ணோடுதான் ஊர் ஊராகப் போனது. நியூசிலாந்தில் கௌரி மரங்களைக் காப்பாற்ற, வைட்டாக்கரே மலைக்காட்டையே 2018-இல் ஆள் நடமாட்டத்துக்கு மூட வேண்டியதாயிற்று. அங்கேயும் பிரச்சினை காலில் ஒட்டும் மண்தான். எனவே முதலில் பிரஷால் மண்ணை முழுக்கத் தேய்த்து எடுங்கள், அதன் பிறகு 70 சதவீத ஆல்கஹால் தெளியுங்கள். மண் ஒட்டியிருக்கும்போது மேலே தெளித்தால் மருந்து உள்ளே போகாது, மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான். ஒரே நாளில் பல இடம் போவதாக இருந்தால் நோய் இல்லாத இடத்தில் தொடங்கி, மோசமான இடத்தில் முடியுங்கள். மழை பெய்து சேறாக இருக்கும் நாளில் போகவே வேண்டாம்.

எங்கே எண்ணுவது

நோயுள்ள இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் காடு முழுக்க நோய் என்றுதான் முடிவு வரும். வரைபடத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே, காட்டை நாலைந்து வகையாகப் பிரியுங்கள்: ஓடையோரம், மேட்டுப்பகுதி, நடைபாதைக்குப் பக்கம், பாதையிலிருந்து தள்ளி, இப்படி. ஒவ்வொரு வகையிலும் குலுக்கல் முறையில் புள்ளிகளை எடுத்து ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு "இங்கே ஒன்றுமே இல்லையே, பத்தடி தள்ளி நோயுள்ள மரம் இருக்கிறதே" என்று கை பரபரக்கும். நகர்த்தாதீர்கள். ஒன்றுமில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வட்டம். ஆரம் 11.28 மீட்டர் என்றால் பரப்பு 400 சதுர மீட்டர், 17.84 மீட்டர் என்றால் 1000. மரம் நெருக்கமான காட்டில் சிறிய வட்டமே போதும். நாலைந்து பெரிய வட்டங்களைவிட இருபது முப்பது சிறிய வட்டங்கள் எப்போதும் மேல், காரணம் கடைசியில் கணக்குப் போடும்போது தெரியும். சரிவில் ஒரு சங்கதி உண்டு. ஆரம் என்பது கிடைமட்டத் தூரம், தரையோடு இழுக்கும் நாடாவின் நீளம் இல்லை. 30 பாகை சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ அளந்தால் அதே 11.28-க்கு நாடாவில் சுமார் 13 மீட்டர் வர வேண்டும். இதை விட்டுவிட்டால் சரிவான இடங்களில் மட்டும் வட்டம் சுருங்கி, மரம் குறைந்துபோனது போலத் தெரியும்.

வட்டத்துக்குள் நெஞ்சு உயரத்தில் (1.3 மீட்டர்) 10 செ.மீ. விட்டத்துக்கு மேல் இருக்கும் எல்லா மரத்துக்கும் எண். எல்லா மரத்துக்கும் என்றால், உயிரோடு இருப்பது, நின்றபடி செத்தது, எந்த இனமானாலும். கலிபோர்னியாவில் 1990-களின் நடுவில் ஓக் மரங்கள் திடீர் திடீரென்று சாகத் தொடங்கியபோது எல்லோர் கண்ணும் ஓக் மேலேதான் இருந்தது. 2000-இல் கிருமி பிடிபட்ட பிறகு தெரிந்த விஷயம், பக்கத்தில் நின்ற பே லாரல் மரத்தின் இலைதான் அந்தக் கிருமியின் பண்ணை. லாரல் சாவதில்லை, இலையில் ஒரு கருத்த நுனி, அவ்வளவுதான். ஆனால் மழைத்துளியோடு வித்துகள் தெறித்துப் போவது அதிலிருந்துதான். ஓக்கிலிருந்து நோய் பெரும்பாலும் வேறெங்கும் பரவுவதேயில்லை. சாகிற மரத்தை மட்டும் எண்ணியவர்களுக்கு இது கடைசிவரை தெரிந்திருக்காது.

எண் தகடும் ஆணியும் அலுமினியத்தில் இருக்கட்டும். ஆணியை அதன் தலை சற்றுக் கீழ்நோக்கிச் சாயும்படி அடித்து, நாலைந்து செ.மீ. வெளியே விடுங்கள். நான் முதல் வருடம் தலைவரை அடித்து இறக்கினேன், மூன்று வருடத்தில் பாதித் தகடுகளைப் பட்டை விழுங்கிவிட்டது. சுற்றளவு எடுக்கும் 1.3 மீட்டர் உயரத்தில் ஆணி கூடாது, அங்கே மரம் புடைத்து அளவு கெடும். தகடு தொலைந்தாலும் மரம் தொலையக் கூடாது, அதனால் வட்டத்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு மரத்தின் தூரமும் திசைமானியின் பாகையும் நோட்டில் ஏறட்டும். நடுவில் 2 மீட்டர் ஆரத்துக்குச் சின்ன வட்டம் ஒன்று போட்டு நாற்றுகளையும் எண்ணிவிடுங்கள். பெரிய மரம் போனால் அடுத்து எது வரப்போகிறது என்பதை அவைதான் சொல்லும்.

பார்ப்பதும் எழுதுவதும்

"ஓரளவு காய்ந்திருக்கிறது" என்று எழுதி வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே புரியாது. விதானத்தில் (கிளையும் இலையும் சேர்ந்த மேல்பகுதி) எத்தனை சதவீதம் நுனியிலிருந்து காய்ந்திருக்கிறது என்று 5, 10, 15 எனப் படிப்படியாக எழுதுங்கள். தண்டில் பிசின் வடிகிறதா, பட்டை வெடித்திருக்கிறதா, வண்டுத் துளை உண்டா, அடியில் காளான் உண்டா, இவற்றுக்கு ஆம் இல்லை போதும். இல்லை என்றால் 0 போடுங்கள், காலியாக விடாதீர்கள். காலி இடம் என்றால் பார்க்கவில்லை என்று பொருள். இரண்டும் கலந்துவிட்டால் அந்த வருடக் கணக்கே போச்சு.

சதவீதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு பேர் ஒரே நாளில் அதே முப்பது மரத்தைத் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் அதிர்ச்சியாக இருக்கும். எங்கே கருத்து வேறுபடுகிறது என்று பேசி, மறுபடி முப்பது மரம். இது ஒத்துவரும்வரை உண்மையான பதிவைத் தொடங்காதீர்கள். காய்வை மதிப்பிடும்போது போன வருட எண்ணைப் பார்க்கக் கூடாது, கண் தானாக அதன் பக்கம் சாயும். சுற்றளவுக்கு மட்டும் இது தலைகீழ்: பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே அளவிடுங்கள், மரம் ஒரேயடியாகச் சுருங்கியிருந்தால் அங்கேயே தப்பு தெரியும். அப்புறம், ஒவ்வொரு வருடமும் அதே வாரங்களில் போங்கள். இலையுதிர்க்கும் மரத்தை இலை முழுக்க இருக்கும்போது ஒரு வருடமும், உதிரத் தொடங்கிய பிறகு ஒரு வருடமும் பார்த்துவிட்டு நோய் கூடிவிட்டது என்று அறிக்கை எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

வட்டங்களில் சிலவற்றில் வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சின்னக் கருவிகளை நிழலில் கட்டி வையுங்கள். வறட்சி, வேர் நசுங்கல், மின்னல், வயது, எல்லாமே நோய் மாதிரியே தெரியக்கூடியவை. வானிலைப் பதிவு இல்லாமல் பிரித்தறிவது சிரமம்.

மாதிரி எடுப்பது

முழுக்கச் செத்த பகுதியிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே பிணம் தின்ன வந்த பூஞ்சைகள்தான் நிறைய இருக்கும், கொன்றவன் எப்போதோ நகர்ந்திருப்பான். உயிருள்ள திசுவும் செத்த திசுவும் சந்திக்கும் விளிம்புதான் இடம். பட்டையை மெல்லச் சீவினால் பழுப்பும் பச்சையும் சேரும் கோடு தெரியும், இரண்டு பக்கமும் வருகிற மாதிரி ஒரு துண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் கத்தியை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பக்கத்திலுள்ள நல்ல மரத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு துண்டு கட்டாயம்; அதிலும் அதே பூஞ்சை இருந்தால் நீங்கள் குற்றவாளியைப் பிடிக்கவில்லை, குடியிருப்பவரைப் பிடித்திருக்கிறீர்கள்.

இலைகளைக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் புழுங்கி அழுகிவிடும். பைட்டோப்தோரா என்று சந்தேகப்பட்டு எடுக்கும் மண்ணும் வேரும் மட்டும் விதிவிலக்கு, அவை காயக் கூடாது, பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு குளிர்ச்சியாகப் போக வேண்டும், ஆனால் உறைய வைக்கவும் கூடாது, வெயிலில் நிற்கும் காரில் விடவும் கூடாது. உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், ஆல்கஹால் பட்டால் பேனா மை போய்விடும். மண்ணில் அந்தக் கிருமி உண்டா என்று பார்க்கப் பழைய எளிய வழி ஒன்று இருக்கிறது: மண்ணில் தண்ணீர் ஊற்றி, மேலே இலைத் துண்டுகளையோ பேரிக்காயையோ மிதக்கவிடுவது. நீந்தும் வித்துகள் தேடி வந்து சில நாட்களில் கறை விழும், கறையின் விளிம்பை எடுத்து வளர்ப்பார்கள்.

ஆய்வகத்திலிருந்து பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு வந்ததும் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது என்றால் இருக்கிறது, அதுதான் காரணம் என்று அர்த்தமில்லை. தனியாகப் பிரித்து வளர்த்து, நல்ல செடியில் ஏற்றி, அதே நோய் வந்து, அதிலிருந்து அதே கிருமி மீண்டும் கிடைத்தால்தான் காரணம் உறுதி. இல்லை என்று வந்தாலும் அந்தத் துண்டில் இல்லை, அவ்வளவே.

கணக்கு

முதலில் ஒரு பொறி. நோயுற்ற மரம் எத்தனை சதவீதம் என்று மட்டும் வருடா வருடம் பார்த்தால், நோயுற்றவை செத்து விழுந்ததும் சதவீதம் குறையும், காடு தேறிவருவது போலத் தெரியும். எண் போட்டது இதற்காகத்தான். போன வருடம் நன்றாக இருந்தவற்றில் எத்தனைக்கு இப்போது புதிதாக நோய், நோயோடு இருந்தவற்றில் எத்தனை செத்தன என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

சாவு விகிதத்தை வருடத்தால் அப்படியே வகுக்காதீர்கள். 200 மரத்தில் நாலு வருடத்துக்குப் பிறகு 162 உயிரோடு இருந்தால், 38 செத்தது, 19 சதவீதம், நாலால் வகுத்தால் 4.75 என்று போடத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வருடமும் மிச்சமிருப்பதிலிருந்துதான் சாகின்றன. 162-ஐ 200-ஆல் வகுத்தால் 0.81, அதன் நான்காம் மூலம் 0.949, ஆக வருடத்துக்கு 5.1 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், வெவ்வேறு இடைவெளியில் அளந்த காடுகளை ஒப்பிடும்போது பெரிதாகிவிடும்.

ஒரே வட்டத்துக்குள் நிற்கும் மரங்கள் ஒன்றையொன்று தொற்றிக்கொள்ளும், ஒரே மண், ஒரே ஈரம். எனவே 25 வட்டத்தில் 600 மரம் இருந்தால் உங்களிடம் 600 தனித்தனிச் சாட்சிகள் இல்லை, கிட்டத்தட்ட 25 தான். வட்டம் நிறைய வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்குத்தான்.

சுற்றிலும் எல்லாம் காய்ந்த பிறகும் சில மரங்கள் பச்சையாகவே நிற்கும். ஆஷ் மரத்தில் அப்படித் தாக்குப்பிடிக்கும் மரங்கள் சிறு விகிதத்தில் இருப்பது தெரிய வந்து, அவற்றிலிருந்து விதையும் ஒட்டும் எடுத்து வளர்க்கிறார்கள். உங்கள் வட்டங்களில் அப்படி ஏதாவது இருந்தால், இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த பிறகு அவற்றின் எண்களைத் தனிப் பட்டியலாக நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நோய்க் காட்டை வெட்டிச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் அதையும் சேர்த்தே சாய்த்துவிடுவார்கள்.