ரொறன்ரோக் குளிருக்குள்ள கொச்சிக்காய்க் கண்டைக் காப்பாத்தி எடுக்கிறது எப்பிடி

ஏப்ரல் நடுவில ரெண்டு நாள் 20 டிகிரிக்கு வெயில் எறிச்சால் காணும், ஸ்காபரோவில பாதிச் சனம் கொச்சிக்காய்க் கண்டு, அதுதான் மிளகாய்க் கண்டு, வாங்க வெளிக்கிட்டிடும், கடைக்காரரும் வாசல்ல அடுக்கி வைச்சிருப்பினம், அடுத்த கிழமை பாத்தால் ஸ்னோ கொட்டும். கடைக்குக் கண்டு வந்திட்டுது எண்டதுக்காக நடுற காலம் வந்திட்டுது எண்டு நினைக்காதேங்கோ. இஞ்ச மிளகாய் வளர்க்கிற ஆக்கள் பாக்கவேண்டியது பகல் வெயிலை இல்லை, இரவுக் குளிரைத்தான். இரவில 10 டிகிரிக்குக் கீழ போய்க்கொண்டிருக்கும் மட்டும் கண்டு வீட்டுக்குள்ள நிக்கட்டும், 12, 13 எண்டு நிலையா நிக்கத் தொடங்கின பிறகு வெளியில நடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டால், குளிர் பட்ட மிளகாய்க் கண்டு உடன சாகாது, அதுதான் சனத்தை ஏமாத்துறது. பச்சையா நிக்கும், ஆனா வளராது. மண் குளிர்ந்து கிடந்தால் வேரால பொஸ்பரஸ் எண்ட சத்தை இழுக்க ஏலாது, இலை மஞ்சளாகும், சில நேரம் அடிப்பக்கம் ஊதா நிறமும் பிடிக்கும். அதைப் பாத்திட்டு பசளை காணாதாக்கும் எண்டு இன்னும் பசளையும் போட்டு தண்ணியும் ஊத்துவினம், ஈரத்தில வேர் அழுகிப்போகும். மே முதல் கிழமை அவசரப்பட்டு நட்ட கண்டை விட ஜூன் முதல் கிழமை நட்ட கண்டு ஜூலை நடுவில பெரிசா நிக்கிறதை இந்த ஊரில எத்தினையோ வளவில பாக்கலாம்.

சரி, விதையில இருந்து தொடங்குவம். சாதாரண பச்சை மிளகாய், தாய்லாந்து மிளகாய், ஹலபீனோ எண்டால் மார்ச் தொடக்கத்தில போட்டால் போதும். ஸ்கொட்ச் பொனெற், ஹபனேரோ மாதிரி உறைப்புக் கூடின சாதி முளைக்கவே ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும், காய் பழுக்கவும் கன நாள் செல்லும், அதுகளைப் பெப்ரவரி நடுவிலயே போட்டிடுங்கோ. தமிழ்க் கடையில வாங்கின செத்தல் மிளகாயை உடைச்சு விதை எடுத்தும் போடலாம், சிலது முளைக்கும், சிலது முளைக்காது, ஆனபடியா கொஞ்சம் கூடப் போடுங்கோ. நல்லாச் சிவந்து பழுத்த காயின்ர விதைதான் திறம், பிஞ்சுக் காயின்ர விதையில நேரத்தை வீணாக்காதேங்கோ.

முளைக்கிறதுக்குச் சூடு வேணும், வெளிச்சம் பிறகு. 25 இல இருந்து 30 டிகிரி வரைக்கும் இருந்தால் ஒரு கிழமை, பத்து நாளில தலை காட்டும், 18 டிகிரி அறையில வைச்சால் கிழமைக் கணக்கில பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். தட்டுக்குக் கீழ விரிச்சுச் சூடு குடுக்கிற ஹீற் மற் இருந்தால் நல்லது, இல்லாட்டி ஈரமான பேப்பர் ரவலுக்குள்ள விதையை வைச்சு சிப் இழுத்து மூடுற பையில போட்டு பிரிஜ்ஜுக்கு மேலயோ, சூடான வேற இடத்திலயோ வையுங்கோ. யன்னல் கட்டில மட்டும் வைக்காதேங்கோ, மார்ச் மாச இரவில ஒருக்கா அந்தக் கட்டைத் தொட்டுப் பாருங்கோ, ஐஸ் மாதிரிக் கிடக்கும். வெள்ளை வேர் அரை சென்ரிமீற்றர் வந்த உடன எடுத்து கப்பில ஊண்டி, அரை சென்ரிமீற்றர் மண்ணால மூடிவிடுங்கோ. சிலதுக்கு விதைத் தோல் இலையில இருந்து கழராமல் ஒட்டிக்கொண்டு நிக்கும், அதைப் பிடிச்சு இழுத்தால் தலையே முறியும், ஒரு சொட்டுத் தண்ணி விட்டு ஊற வைச்சிட்டு அடுத்த நாள் பாருங்கோ, மெல்லக் கழண்டு வரும்.

முளைச்ச பிறகு லைற். யன்னல் வெளிச்சம் மட்டும் காணாது, கண்டு மெலிஞ்சு நீண்டு ஒரு பக்கம் சாயும். சாதாரண எல்.ஈ.டி. ரியூப் லைற் ஒண்டை நாலைஞ்சு அங்குல உயரத்தில கட்டி, ஒரு நாளைக்கு 14, 16 மணித்தியாலம் எரிய விடுங்கோ, கண்டு வளர வளர லைற்றையும் உயத்துங்கோ. தண்ணி மேல ஊத்தாமல் தட்டில விட்டு, மண் கீழ இருந்து உறிஞ்சினதும் மிச்சத்தை வெளியில ஊத்திவிடுங்கோ. மேல்மண் எப்பவும் ஈரமாக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், மண்மட்டத்தில தண்டு தண்ணி ஊறி ஒடுங்கிப்போகும், இரவு நல்லா நிண்ட கண்டு விடியப் பாத்தால் படுத்துக் கிடக்கும். அது வந்தால் அந்தக் கண்டுக்கு மருந்தில்லை. ஒரு சின்ன ஃபானை மெல்லமா விட்டால் மேல்மண்ணும் காயும், தண்டும் தடிக்கும்.

மே மாசம்தான் கஷ்டமான மாசம். பகல் 22, இரவு 4 எண்டு ஒரே நாளில கூடிக் குறையும், அதோட காத்து. வீட்டுக்குள்ள வளர்ந்த கண்டை நேர வெயிலில தூக்கி வைச்சால் இலையில வெள்ளைத் திட்டு விழும், வெயில் சுட்ட காயம் அது, ஆறாது, புது இலைதான் வரவேணும். முதல் நாள் ஒரு மணித்தியாலம், நிழலில, காத்துப் படாத சுவரோரமா. பிறகு நாளுக்கு நாள் கூட்டி, காலமை வெயிலுக்குப் பழக்கி, ஒரு கிழமை பத்து நாளில முழுநாளும் வெளியில நிக்க விடலாம். பின்னேரம் உள்ள தூக்கி வைக்கிறது அலுப்புத்தான், கண்டுகளை எல்லாம் ஒரு பெரிய தட்டில அடுக்கினால் ஒரு தூக்கலில வேலை முடியும்.

விக்ரோறியா டே லோங் வீக்கெண்டோட நடலாம் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுவினம், அது மே 25க்கு முதல் வாற திங்கள். தக்காளிக்கு அந்தக் கணக்குச் சரி வரும், மிளகாய்க்கு நான் இன்னும் ஒரு கிழமை பத்து நாள் பொறுங்கோ எண்டுதான் சொல்லுவன். இடத்தையும் பாருங்கோ. டவுன்ரவுண்ல கட்டடச் சூடு இருக்கிறதால உறைபனி பிடிக்கிறது குறைவு, மார்க்கம், பிரம்ரன் தாண்டி வடக்க போகப் போக இரவு குளிர் கூட, ஏரிப் பக்கம் இருக்கிற வீடுகளில பகலிலயும் காத்து குளிராத்தான் வரும். போன்ல காட்டுற வெப்பநிலை உங்கட வளவின்ர வெப்பநிலை இல்லை, ஒரு மலிவு தேர்மோமீற்றர் வாங்கி சாடி உயரத்தில வைச்சு ஒவ்வொரு நாளும் விடியப் பாருங்கோ.

நட்ட பிறகும் குளிர் வரும். மேகம் இல்லாமல், காத்து அசையாமல் இருக்கிற இரவுதான் பயம், போன் 3 டிகிரி எண்டு காட்டினாலும் நிலத்தோட இலையில உறைபனி பிடிக்கலாம். சாடியில நிண்டால் கராஜுக்குள்ள இழுத்து விடுங்கோ. நிலத்தில நிண்டால் பொழுது படமுதல் பழைய பெட்ஷீற் ஒண்டைத் தடி ஊண்டி அதுக்கு மேல நிலம்வரைக்கும் தொங்க மூடுங்கோ, மண்ணில இருக்கிற சூடு உள்ளுக்கே நிக்கும். பிளாஸ்ரிக் வேண்டாம், அது இலையில தொட்ட இடம் கருகும். காலமை வெயில் வந்த உடன எடுத்துவிட மறக்காதேங்கோ.

இந்த ஊருக்கு நிலத்தை விடச் சாடிதான் எனக்குப் பிடிக்கும். 15, 20 லீற்றர் கறுப்புச் சாடி வெயிலில கெதியாச் சூடாகும், தூக்கி மாத்தவும் ஏலும். அடியில ஓட்டை வடிவா இருக்கோணும், வளவு மண்ணை அள்ளிப் போடாமல், சாடிக்கெண்டு கடையில விக்கிற மண் கலவை, பொட்டிங் மிக்ஸ், போடுங்கோ. புது மண்ணைக் கண்டால் அணில் கிண்டும், மேல நாலு கல்லைப் பரவி விடுங்கோ.

ஜூன்ல முதல் பூக்கள் கொட்டும், அதுக்குப் பயப்பிடாதேங்கோ. இரவு 13க்குக் கீழ போனாலும் பகல் 32க்கு மேல போனாலும் பூ நிக்காது, காலநிலை சரியாக அதுவாப் பிடிக்கும். இந்த நேரத்தில நைதரசன் கூடின பசளை போட்டால் இலைதான் வரும், காய் வராது. பல்கனியில தேனீ வராட்டி, மத்தியானம் பூக்கொத்தை விரலால மெல்லத் தட்டிவிட்டால் காணும். முதல் நாலைஞ்சு காயைப் பச்சையா இருக்கேக்கையே பிடுங்குங்கோ, செடி அடுத்த பூவைத் தள்ளும். அடுத்த வரியத்துக்கு விதை வேணுமெண்டால் ஒரு காயை மட்டும் நல்லாச் சிவக்க விடுங்கோ, ஆனா பக்கத்தில வேற சாதி நிண்டால் கலந்திருக்கும், அந்த விதையில என்ன உறைப்பு வரும் எண்டு சொல்ல ஏலாது.