குர்குமினைக் கைட்டோசான் நானோதுகளில் ஏற்றுவது எப்படி?

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எத்தனாலில் எளிதில் கரையும்; நீரிலோ ஏறக்குறையக் கரைவதே இல்லை. கார ஊடகத்தில் விரைவில் சிதையவும் செய்யும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்ற பாலிசாக்கரைடு (சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறு) அமில நீரில் நேர்மின்னேற்றம் பெறுவதால், எதிர்மின்னேற்றமுள்ள சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்டைச் சந்தித்தவுடன் நானோதுகள்களாகத் திரண்டு, அருகிலுள்ள குர்குமினையும் உள்ளே பிடித்துக்கொள்கிறது.

முதலில் 100 மி.கி. கைட்டோசானை 1 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மி.லி.யில் இரவு முழுவதும் கலக்கிக் கரைத்து, பி.எச். அளவை 5-க்குச் சற்றுக் கீழே நிறுத்தி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்கவும். இந்த வடிகட்டலைத் தவிர்ப்பவர்களுக்குத் துகள் அளவு சீராக வராமல் போகலாம். பின்னர் 5 மி.லி. எத்தனாலில் கரைத்த 5 மி.கி. குர்குமினைக் காந்தக் கலக்கி சுழலும்போதே துளித்துளியாகச் சேர்க்கவும். குர்குமின் ஒளியிலும் சிதையும் என்பதால் குடுவையை அலுமினியத் தாளால் மூடிவைக்க வேண்டும். அடுத்து, மி.லி.க்கு 1 மி.கி. செறிவுள்ள ட்ரைபாலிபாஸ்பேட் கரைசலில் 25 மி.லி.யை மெதுவாகச் சொட்டவிட்டு, அரைமணி நேரம் கலக்கவும். கரைசல் லேசான மங்கலைக் காட்டினால் துகள்கள் உருவாகியுள்ளன. திப்பி திப்பியாகப் படிந்தால் ட்ரைபாலிபாஸ்பேட் மிகுந்துவிட்டது என்று கொண்டு அதன் அளவைக் குறைக்க வேண்டும்.

பலரும் தவறுவது இதற்குப் பின்புதான். மையவிலக்கியில் சுழற்றி, படிவுக்கு மேலே நிற்கும் மேல்நீரில் எஞ்சிய குர்குமினை அளந்து, மீதியெல்லாம் துகளுக்குள் சென்றதாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் துகளில் ஏறாத குர்குமினும் நீரில் கரையாமல் படிகமாக அடியில் இறங்கிவிடுமாதலால், மேல்நீரில் குர்குமின் குறைவாகவே இருக்கும். ஏற்றத்திறனும் (சேர்த்த குர்குமினில் துகளுக்குள் சென்ற பங்கு) பொய்யாக உயர்ந்து தெரியும். எனவே முதலில் குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் சுழற்றி, அடியில் தங்கும் மஞ்சள் படிகங்களை நீக்கிவிட்டு, மேலேயுள்ள கலவையை 12,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல் 12,000 மடங்கு) அரைமணி நேரம் சுழற்றி, கிடைக்கும் படிவை அமிலம் கலந்த எத்தனாலில் நன்கு குலுக்கிக் குர்குமினைப் பிரித்தெடுத்து, 425 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே அது ஒளியை உறிஞ்சும் அளவைக் கொண்டு நேரடியாக அளக்கவும். குர்குமின் சேர்க்காத வெற்றுத் துகள்களுக்கும் இதே அளவீட்டைச் செய்து கழித்துவிட வேண்டும்.

பி.எச். 6.5-ஐத் தாண்டினால் கைட்டோசான் தன் மின்னேற்றத்தை இழந்து துகள்கள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கழுவுவதற்குப் பாஸ்பேட் தாங்கல் கரைசலை எடுக்காமல், சற்றே அமிலத்தன்மையுள்ள நீரையே பயன்படுத்தவும். உறைய வைத்து உலர்த்துவதாக இருந்தால் முன்னதாக ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்கவும். அது இல்லாமல் உலர்ந்த கட்டி மறுபடி நீரில் பிரிவது கடினம்.