மென்பொருளோடு வரும் எஃபெக்ட்டுகள் போதுமா? மத்தளமும் சல்லரியும் வைத்து ஒரு சோதனை

கல்லடியிலோ கல்முனையிலோ வீட்டு அறையில் லப்டொப் வைத்துப் பாட்டுச் செய்யத் தொடங்கும் தம்பி தங்கைகள் பலர், இசை மென்பொருளை நிறுவிய கையோடு வெளிப் பிளகின்களை (மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் எஃபெக்ட்டுகளை) தேடிப் போகிறார்கள். மென்பொருளோடு வந்த ஈகியூவும் (ஒலியின் கனத்த, கூரிய பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) கொம்பிரசரும் (பலத்த சத்தத்தை அடக்குவது) திறக்கப்படாமலே கிடக்கின்றன. அவை நல்லவையா இல்லையா என்பதை யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நம் ஒலியை வைத்து, நம் காதாலேயே சோதிக்கலாம்.

இங்கே ரீப்பர் என்ற இசை மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். பழைய லப்டொப்பிலும் ஓடும். 60 நாட்கள் முழு வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ் வைத்திருப்பவர்களுக்கும் படிகள் இவைதான், பொத்தான்களின் இடம்தான் மாறும்.

படி 1: சோதிக்க ஒலி எடுங்கள்

ஒரு குரல், ஒரு மத்தளம், ஒரு சோடிச் சல்லரி. மூன்றும் தனித்தனியாக, எந்த எஃபெக்ட்டும் இல்லாமல். ஊரில் கூத்துப் பழகும் இடம் இருந்தால் அண்ணாவியாரிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். இணையத்தில் கிடைக்கும் ட்ரம் ஒலிகள் பல, ஏற்கனவே கொம்பிரசரும் ஈகியூவும் போட்டு மெருகேற்றியவை. அவற்றில் எதைப் போட்டாலும் நன்றாகவே கேட்கும், சோதனை நடக்காது. மத்தளத்தில் ஒரு பக்கம் கனத்த ஒலி, மறுபக்கம் சுருக்கென்ற அடி. சல்லரியில் நீளும் உலோக அதிர்வு. பிளகினின் குறைகள் இவற்றில் மறைந்திருக்காது.

24 பிட்டில் பதியுங்கள். அதிகபட்ச அடி கழித்தல் 12 டெசிபல் அளவில் நின்றால் போதும். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

படி 2: சத்த அளவைச் சமப்படுத்துங்கள்

இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாச் சோதனையும் வீண். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை "நன்றாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபல் கூட ஏமாற்றிவிடும். எனவே ட்ராக்கின் கடைசியில் ரீப்பரோடு வரும் லவுட்னெஸ் மீற்றரைப் போட்டு, எஃபெக்ட் இருக்கும்போதும் இல்லாதபோதும் எல்யூஎஃப்எஸ் அளவை (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை) பாருங்கள். வித்தியாசம் அரை டெசிபலுக்குள் வரும்வரை எஃபெக்ட்டின் வெளியீட்டைக் கூட்டிக் குறையுங்கள். ரீப்பரின் கொம்பிரசரான ரியாகொம்பில் "ஓட்டோ மேக்கப்" அடையாளமிடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது தானாகவே சத்தத்தைக் கூட்டும்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை, எஃபெக்ட்டைப் போட்டும் எடுத்தும் காட்டும் பைபாஸ் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். எது எஃபெக்ட்டோடு ஒலிக்கிறது என்று சொல்ல முடியவில்லையென்றால், அந்த அமைப்பில் அது அந்த ஒலிக்குத் தேவையே இல்லை.

படி 3: ஈகியூ

குரல் ட்ராக்கை நகலெடுத்து, நகலில் துருவத்தைத் திருப்புங்கள் (வட்டத்தில் சாய்கோடு போட்ட பொத்தான்; ஒலி அலை தலைகீழாகும்). இரண்டும் ஒன்றாக ஓடும்போது ஒன்றையொன்று அழித்து அமைதியாகிவிடும். இப்போது ஒன்றில் மட்டும் ரீப்பரின் ஈகியூவான ரியாஈகியூவைப் போட்டு, எல்லா பேண்டையும் (கூட்டிக் குறைக்கும் ஒலிப் பகுதிகளையும்) பூச்சியத்தில் விடுங்கள். அமைதி கலையாவிட்டால், சும்மா இருக்கும்போது அது ஒலியைத் தொடவில்லை என்று பொருள்.

அடுத்து ஒரு பக்கம் ரியாஈகியூ, மறுபக்கம் நீங்கள் ஆசைப்படும் பிளகினின் சோதனைப் பதிப்பு. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு குறையுங்கள். அகலத்தை ஒவ்வொரு ஈகியூவும் வேறு விதமாக அளக்கும், அதனால் எண்களை நம்பாமல், மிச்சச் சத்தம் ஆகக் குறையும்வரை திருப்புங்கள். சாதாரண டிஜிட்டல் ஈகியூக்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுமையாக அழித்துவிடும், அதாவது இரண்டின் ஒலியும் ஒன்றுதான். ஒலிக்காக மட்டும் இன்னொரு ஈகியூ வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வேலைக்கும் போட்டுப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே வயரிலிருந்து வரும் இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்ஸில் இருக்கும். அந்த இடங்களில் மிக ஒடுக்கமாக வெட்டி, ஆண் குரலின் கனம் போகிறதா என்று வடிவாகக் கேளுங்கள்.

படி 4: கொம்பிரசர்

மத்தளத்தில் ரியாகொம்ப். விகிதம் 4:1, அடிகளில் 6 டெசிபல் அளவு குறையும்படி த்ரெஷோல்டை (அடக்கத் தொடங்கும் சத்த எல்லையை) இறக்குங்கள். அட்டாக் (அடக்குவதற்கு எடுக்கும் நேரம்) 1 மில்லிசெக்கனில் அடியின் கூர் மழுங்கும். 30 மில்லிசெக்கனில் அடி முன்னே வந்து நிற்கும். இந்த மாற்றம் தெளிவாகக் கேட்டால் கொம்பிரசர் தன் வேலையைச் செய்கிறது. ரிலீஸை (அடக்கியதை விடுவதற்கு எடுக்கும் நேரத்தை) குறைத்துக்கொண்டே வாருங்கள், கனத்த பக்கத்தின் ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்தைக் குறித்துவையுங்கள்.

படி 5: ரிவேர்ப் (எதிரொலி)

ரீப்பரின் பலவீனம் இங்கேதான். சல்லரியை ஒரே ஒரு தடவை தட்டிய துண்டுக்கு ரீப்பரின் ரிவேர்பான ரியாவேர்பேட்டைப் போட்டு, எதிரொலியின் வால் தேய்ந்து முடியும்வரை கேளுங்கள். என் காதுக்கு அதில் தகரச் சாயல் தெரிகிறது. குரலுக்குக் கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லை, தாளத்துக்கு நான் போடுவதில்லை.

ஆனால் அதே மென்பொருளில் ரியாவேர்பும் இருக்கிறது. அது ஓர் உண்மையான இடத்தின் எதிரொலியை எடுத்து உங்கள் ஒலியோடு சேர்க்கும். அனுமதி கேட்டு, ஆளில்லாத நேரத்தில் ஒரு கோயில் மண்டபத்திலோ தேவாலயத்திலோ பாடசாலை மண்டபத்திலோ பலூனை உடைத்து, எதிரொலி முற்றாக அடங்கும்வரை பதியுங்கள். முன்பகுதி மௌனத்தை வெட்டிவிட்டு, அந்தக் கோப்பை ரியாவேர்பில் ஏற்றுங்கள். ஊர் மண்டபத்தில் பாடியது போலவே குரல் கேட்கும். எந்த நிறுவனமும் அந்த மண்டபத்தை விற்பதில்லை.

படி 6: லப்டொப் தாங்குமா?

சோதித்த எஃபெக்ட்டைப் பத்து ட்ராக்கில் போட்டு, வியூ மெனுவில் பர்ஃபோமன்ஸ் மீற்றரைத் திறந்து பாருங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் பஃபர் அளவை (கணினி ஒலியை முன்கூட்டியே தேக்கிவைக்கும் அளவை) கூட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் வெளியே தேடுவது இரண்டுதான்: சத்தத்துக்கேற்பத் தானே கூடிக் குறையும் டைனமிக் ஈகியூ, தாளத்துக்கு ஏற்ற ஒரு ரிவேர்ப். எஃப்எல் ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தப் பட்டியல் வேறாக இருக்கும். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் ரியாஈகியூ, ரியாகொம்ப் இரண்டையும் ரியாபிளக்ஸ் தொகுப்பில் விண்டோஸுக்கு இலவசமாக எடுக்கலாம்.