15 கிலோவுக்குள் அடங்காத டைவிங் பை

சென்னை–போர்ட் பிளேர் விமானத்தில் எனக்கு செக்-இன் 15 கிலோ. சக்கரப் பெட்டியில் அடுக்கினால் 17.6, பெட்டியே நாலரை கிலோ! ஒன்றரை கிலோ துணிப்பைக்கு மாறினேன், ஃபின்களை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகள்) குறுக்காகச் செருகினேன். 14.6. டார்ச்சின் உபரி லித்தியம் பேட்டரி எப்படியும் கைப்பையில்தான்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவிலிருந்து திரும்பும்போது அதே பை 16 காட்டியது. வெட்சூட்டை (டைவிங்குக்கான ரப்பர் உடை) இரண்டு நாள் காயவைத்தும் 15.7. அப்புறம் பிசிடியை (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் டைவிங் சட்டை) தூக்கியபோது உள்ளே 'சளக்' என்றது. வெளியே நன்றாகக் காய்ந்த சட்டைதான். கடலுக்கடியில் காற்றை வெளியேற்றும்போது அதே குழாய்வழியே நீர் உள்ளே புகுந்திருக்கிறது. வாயால் ஊதி, தலைகீழாகப் பிடித்து, குழாய் முனைப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சொம்புக் கடல்நீர் கொட்டியது. மறுபடி எடை: 14.7. அப்பாடா!