வாளி முதல் வெள்ளி கடற்கரை வரை: பிள்ளைகளும் தண்ணீரும், நாம் செய்கிற தவறுகளும்

தண்டைச் சத்தம் நின்றதை ஒருவர் கவனித்ததால்தான் என் மகன் இன்று என்னோடு இருக்கிறான். புதுச்சேரி முதலியார்பேட்டையில் நாத்தனார் வீட்டு வளைகாப்பு, கூடத்தில் 20 பேருக்குக் குறையாமல் இருந்தோம். அவனுக்கு அப்போது 13 மாதம், நடக்கத் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கால் தண்டை ஜல்ஜல்லென்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றுபோனது, வளையல் அடுக்குகிற மும்முரத்தில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, என் மாமியாருக்கு மட்டும் உறைத்தது. பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தரை துடைத்துவிட்டு யாரோ வைத்துவிட்டுப் போன வாளியில் தலைகுப்புற இருந்தான், இரண்டு காலும் மேலே. தண்ணீர் அரை வாளிகூட இல்லை. தூக்கித் தோளில் போட்டதும் இருமினான், கக்கினான், அப்புறம் வீடே அதிர அழுதான். அன்று சாயங்காலம் பீச்சுக்குப் போவதாக இருந்தோம், அங்கே பிள்ளை கையை விட்டுவிடாதே என்று காலையிலிருந்தே ஆளாளுக்கு என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடலைப் பார்த்துப் பயப்படுகிறோம், வாளியைப் பார்த்துப் பயப்படுவதில்லை. தத்தித் தத்தி நடக்கிற வயதில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்று நினைக்கிறேன். 2021ல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஒரு வயதுப் பிள்ளைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலைதான் கனம். எட்டிப் பார்க்கிற வேகத்தில் தலை முன்னால் போய்விடும், கையை ஊன்றி உடம்பை மேலே தள்ளுகிற பலம் இன்னும் வந்திருக்காது, தண்ணீர் இருக்கிற கனத்தில் வாளியும் சாயாது. மூக்கும் வாயும் முங்குகிற அளவுக்கு, நாலு விரற்கடைக்கும் குறைவாகத் தண்ணீர் இருந்தாலே போதும்.

அதனால் நீச்சல் கிளாஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள், நின்றுகொண்டு இல்லை, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து. நம் பக்கம் எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கம் உண்டு: பாத்ரூமில் ஒரு அண்டா, பின்பக்கம் நீல டிரம், வாசலில் சம்ப், பழைய வீடாக இருந்தால் உறைகிணறு. டிரம்முக்கு வெறும் தட்டை மூடி போதாது, பிள்ளை இழுத்தால் வராத மூடி வேண்டும். சம்ப் மூடி துருப்பிடித்து ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வேலை முடிந்த வாளியைக் கவிழ்த்து வைக்க ஒரு நொடிதான் ஆகும். பாத்ரூம் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வெளியே ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பக்கத்து மனையில் வீடு கட்டத் தோண்டிய குழியையும் போய்ப் பாருங்கள், அது ஒரு ராத்திரியில் குட்டையாகிவிடும். குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் எடுங்கள், மூத்த பிள்ளையிடம் "தம்பியைப் பார்த்துக்கோ" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்த தவறு, மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்று நம்புவது. கத்துவதற்கு மூச்சு வேண்டும், மூழ்குகிறவருக்கு அந்த மூச்சுதான் கிடைப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போகும், கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும், முகம் எங்கோ வெறிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு விளையாடுகிற மாதிரிதான் தெரியும். சின்னப் பிள்ளை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. தண்ணீரில் விளையாடுகிற பிள்ளைகள் எப்போதும் சத்தம் போடுவார்கள், அந்தச் சத்தம் நின்றால் முதலில் ஓடுங்கள், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டம் இருக்கிறது, யாராவது பார்ப்பார்கள் என்று விடுவதும் இதோடு சேர்ந்ததுதான். எங்கள் கூடத்தில் 20 பேர் இருந்தோமே. காணும் பொங்கல் அன்று கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையில் நிற்க இடம் இருக்காது, தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் தென்பெண்ணைக் கரை முழுக்கத் தலைகளாக இருக்கும், மாசி மகத்துக்கும் அப்படித்தான். ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருப்பார்கள், எல்லோரும் பார்ப்பதாக எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். தண்ணீர் பக்கம் போனால் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும், அவர் கையில் போன் இருக்கக்கூடாது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறலாம், மாறும்போது "இப்ப நீ பாரு" என்று பெயர் சொல்லிச் சொல்லவேண்டும், அவரும் "சரி, நான் பாக்குறேன்" என்று வாயால் சொல்லவேண்டும். நாலைந்து வயது வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, கையை நீட்டினால் பிள்ளை எட்டவேண்டும். ஈசிஆர் ஓரத்து ரிசார்ட்டுகளில் பெரியவர்கள் குளத்தோரம் நாற்காலியில் சாய்ந்திருக்க, பிள்ளை பத்தடி தள்ளித் தண்ணீரில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, நீச்சல் கிளாஸுக்கு வருவோம். இரண்டு எதிரெதிரான தவறுகளை நம் ஊரில் பார்க்கிறேன். ஒன்று, ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது, 12 வயது வரைக்கும் தண்ணீர் பக்கமே விடாதே என்பது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பையன், கூட்டாளிகளோடு யாருக்கும் தெரியாமல் குட்டைக்குப் போனான், நல்லவேளையாக மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் இழுத்துப் போட்டார். கடலும் இத்தனை ஆறும் ஏரியும் இருக்கிற நம் கடலூர் மாவட்டத்தில் பிள்ளையைத் தண்ணீர் பார்க்காமல் வளர்க்க முடியாது. கண்டம் என்று பயப்படுகிற வீட்டுப் பிள்ளைதான் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஆறு மாதக் குழந்தையைத் தண்ணீரில் போட்டால் தானாக நீந்தும் என்று சுற்றிவருகிற வீடியோவைப் பார்த்து நம்புவது. பிறந்த சில மாதங்களுக்கு, முகத்தில் தண்ணீர் பட்டால் குழந்தை மூச்சை அடக்குகிற மாதிரி ஓர் அனிச்சைச் செயல் உண்டு, அது நீச்சல் கிடையாது, போகப் போக மறைந்தும்விடும். ஒரு வயதுக்கு முன்னால் கொடுக்கிற பயிற்சி மூழ்குவதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெதுவெதுப்பான தண்ணீரில் விளையாடுங்கள், அது நல்லதுதான், ஆனால் திரும்பத் திரும்ப முக்கி எடுக்கவேண்டாம். அந்த வயதில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புவரைக்கும் போகலாம். உடம்புச் சூடும் சீக்கிரம் இறங்கிவிடும், உதடு நீலம் பாரித்தாலோ நடுங்கினாலோ உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஒரு வயதுக்கு மேல், அம்மாவோ அப்பாவோ கூடவே தண்ணீரில் இறங்குகிற வகுப்பாக இருந்தால் தொடங்கலாம். நாலு வயதுவாக்கில் பெரும்பாலான பிள்ளைகள் கோச் சொல்வதைக் கேட்டுச் செய்கிற பக்குவத்துக்கு வந்துவிடுவார்கள். 2009ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளில் முறையாக நீச்சல் பழகியவர்களுக்கு மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான், ஆனால் நீச்சல் பழகிய பிள்ளையும் மூழ்கலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம், "அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

கிணற்றில் தூக்கிப் போட்டால் தானாகக் கற்றுக்கொள்வான் என்று சொல்கிற தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடுப்பில் சுரைக்குடுக்கையோ கயிறோ கட்டி, கூடவே நீச்சல் தெரிந்த சித்தப்பாவோ மாமாவோ குதித்திருப்பார், அதைச் சொல்ல விட்டுவிடுவார்கள். தள்ளிவிட்ட பிள்ளைக்கு முதலில் வருவது பயம், பயந்த பிள்ளை உடம்பை விறைத்துக்கொள்ளும், விறைத்த உடம்பு மிதக்காது. என் மகளுக்கு முதல் பத்து நாளும் கோச் செய்தது ஒன்றே ஒன்றுதான், தண்ணீரில் வாயை வைத்துக் குமிழி விடச் சொன்னார். இதற்கா இவ்வளவு பணம் என்று கூட வந்த ஒரு அப்பா கோபப்பட்டுப் பிள்ளையை நிறுத்திவிட்டார். பதினோராம் நாள் இவள் தானாகவே மல்லாந்து, காது முங்க, கண்ணைத் திறந்துகொண்டு, கூரையைப் பார்த்தபடி மிதந்தாள். அந்த வயதுக்கு அதுதான் பெரிய படிப்பு: விழுந்தால் மல்லாந்து மிதப்பது, திரும்பிக் கரையைப் பிடிப்பது, ஏறி வெளியே வருவது. எத்தனை லேப் போனாள் என்று யாராவது கேட்டால் எனக்கு அலுப்பாக இருக்கும்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஒரு கோச்சிடம் எத்தனை பிள்ளைகள், கோடை முகாமில் 25 பேரை ஒருவரே சமாளிக்கிறாரா, அவர் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்களைக் கரையில் நின்று பார்ப்பது யார், முதலுதவி தெரியுமா, மூச்சு கொடுக்கத் தெரியுமா. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கவேண்டாம். பிள்ளையை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள். மே மாதம் 20 நாள் முகாம், அதோடு அடுத்த மே வரைக்கும் குளத்தைப் பார்ப்பதே இல்லை என்றால் கற்றதில் பாதி போய்விடும், ஆனால் பிள்ளையின் தைரியம் மட்டும் அப்படியே இருக்கும், அது ஆபத்து. நீல நிற நீச்சல் உடை வாங்காதீர்கள், குளத்துத் தரையோடு கலந்துபோய்த் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் வாங்குங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்துக்கு அனுப்பக்கூடாது. சளி பிடிக்கும் என்று பயந்து கிளாஸையே நிறுத்தவேண்டியதில்லை. வலிப்பு வருகிற பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள், வீட்டில் குளிக்கும்போதும் தனியாக விடாதீர்கள்.

காற்றடைத்த கைப்பட்டை, பீச்சில் விற்கிற வாத்து ட்யூப் எல்லாம் விளையாட்டுச் சாமான், பாதுகாப்புக்கு அதை நம்பக்கூடாது. கைப்பட்டை நழுவும், ஓட்டை விழும், ட்யூபுக்குள் பிள்ளை தலைகீழாகப் புரண்டால் தானாக நிமிர முடியாது. அதைவிட, இவை பிள்ளையைத் தண்ணீரில் செங்குத்தாக நிற்கவைத்தே பழக்குகின்றன, தனக்கு மிதக்கத் தெரியும் என்று பிள்ளையும் நம்பிவிடுகிறது, ஒருநாள் கைப்பட்டை இல்லாமல் குதித்துவிடுகிறது. சுண்ணாம்பாற்றிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போகும்போது கொடுக்கிற லைஃப் ஜாக்கெட் உங்கள் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காதுக்கு மேல் ஏறக்கூடாது, அப்படி ஏறினால் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள்.

குளத்தில் நீந்துகிற பிள்ளை கடலிலும் ஆற்றிலும் நீந்தும் என்று நினைப்பதுதான் நம் மாவட்டத்தில் அதிகம் காவு வாங்குகிற நினைப்பு. குளத்தில் அடி தெரியும், ஓரத்தில் பிடிக்கச் சுவர் இருக்கும், தண்ணீர் இழுக்காது. புதுச்சேரி பீச் ரோடு ஓரம் பெரும்பாலும் கருங்கல் கொட்டியிருக்கிறது, அலை இழுத்துக் கல்லில் அடித்தால் நீச்சல் என்ன செய்யும். வீராம்பட்டினத்திலும் தேவனாம்பட்டினத்திலும் மணல் இருக்கிறதே என்றால், இந்தக் கரையில் நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு வந்துவிடுகிற இடங்கள் உண்டு. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், பிள்ளையை இறக்க நல்ல இடம் என்று நமக்குத் தோன்றும், பெரும்பாலும் அங்கேதான் இழுப்பு இருக்கும், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பக் கடலுக்குப் போகிறது. வலை காயவைத்துக்கொண்டிருக்கிற மீனவர் ஒருவரிடம் கேளுங்கள், இன்றைக்கு எங்கே இழுக்கிறது என்று கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்.

ஆறு இன்னும் ஏமாற்றும். 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் பக்கத்தில் குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்க இறங்கிய 7 பேர், எல்லோரும் சிறுமிகளும் இளம்பெண்களும், ஒரே நாளில் போய்விட்டார்கள். கோடையில் முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் நிற்கும், மணல் அள்ளிய இடத்தில் அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம் இருக்கும், மேலே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றின் அடி மாறிவிடும், போன வருஷம் குளித்த இடம்தானே என்பதெல்லாம் செல்லாது.

ஒருவர் மூழ்கினால் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது, அதிலும் பிள்ளை என்றால் யாரும் யோசிப்பதில்லை. நீச்சல் தெரியாமல் குதிக்காதீர்கள். புடவையை, துப்பட்டாவை, கயிறை வீசுங்கள், காலி தண்ணீர் கேனை மூடி போட்டு எறியுங்கள், குப்புறப் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுங்கள், கத்தி ஆளைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், கூட்டாளி விழுந்தால் கத்து, எதையாவது எறி, நீ இறங்காதே என்று.

வெளியே எடுத்த பிள்ளையைக் காலைப் பிடித்துச் சுற்றுவதும், குடம் மாதிரி கவிழ்த்து வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். வயிற்றில் இருக்கிற தண்ணீர் இப்போது பிரச்சினை இல்லை, மூளைக்குக் காற்று போகாததுதான் பிரச்சினை, நாலைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். வயிற்றை அமுக்கினால் கக்கியது நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாக்கப் படுக்கவையுங்கள், கூப்பிட்டுப் பாருங்கள், மூச்சு இல்லை என்றால் முதலில் 5 முறை மூச்சு கொடுங்கள். கைக்குழந்தை என்றால் உங்கள் வாய் அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடவேண்டும், பெரிய பிள்ளை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில். மார்பு எழும்புகிற அளவுக்கு ஊதினால் போதும். அசைவில்லை என்றால் மார்பின் நடுவில் 30 முறை அமுக்கி 2 மூச்சு, திரும்பவும் 30, 2, ஆம்புலன்ஸ் வரும்வரை அல்லது பிள்ளை மூச்சு விடும்வரை. கைக்குழந்தைக்கு மார்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல், பெரிய பிள்ளைக்கு ஒரு உள்ளங்கை, மார்பு மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகவேண்டும், நொடிக்கு இரண்டு என்கிற வேகத்தில். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, முதலுதவிப் பயிற்சி எங்கே நடந்தாலும் பொம்மையில் ஒருமுறை செய்து பாருங்கள், எங்கள் வீட்டில் மாமியார் உட்பட எல்லோரும் செய்து பார்த்தோம்.

இன்னொருவர் அதற்குள் 108க்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பீச்சில் எந்த வாசல், எந்தக் கோயில் பக்கம் என்று அடையாளம் சொல்லி, ரோட்டுக்கு ஓர் ஆளை அனுப்பவேண்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும், மூச்சுத் திணறித் தண்ணீர் குடித்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். தொடர் இருமல், வேகமான மூச்சு, தூங்கித் தூங்கி விழுவது எல்லாம் சில மணி நேரம் கழித்துத்தான் வரலாம். நாங்கள் அன்று வளைகாப்புச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் கிளம்பினோம், டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார். தண்டையைக் கழற்றச் சொன்னபோது மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை, அது அவன் காலிலேயே இருந்தது.